மேல்மாடத்துச் சாவியைக் கேட்டு வந்தவர்களுக்கு

போன வாரம் உங்களில் இருவர் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஃபாதர் அனுப்பியதாகச் சொன்னீர்கள். உட்காரச் சொன்னேன். வெங்காய பக்கோடா போட்டுக் கொடுத்தேன். சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், கோட்டையில் தங்குகிற அறையில் கொசு அதிகமா என்றெல்லாம் விசாரித்தேன். ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நானே எழுப்பி, வாசல் வரை வந்து வழியனுப்பினேன். பஸ் திருத்தணியைத் தாண்டிய பிறகுதான் வந்த காரியம் நடக்கவில்லை என்று உங்களுக்கு உறைத்திருக்கிறது. உங்களில் ஒருவர் போன் செய்தீர்கள்.

"ஆன்ட்டி, அந்த மேல்மாடத்துச் சாவிய மறந்துட்டோம்."

நீங்கள் மறக்கவில்லை. நான் கொடுக்கவில்லை. நீங்கள் சாப்பிட்ட பக்கோடா கோட்டையில் நான் கற்ற முதல் பாடம். ஆனால் பக்கோடா கொடுத்து அனுப்பிவிட்டால் போதாது, நீங்கள் சின்னவர்கள், அந்த வேலைக்குப் புதியவர்கள், காரணம் சொல்ல வேண்டியது என் கடமை என்று பிறகு தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நான் அங்கே இருபது வருடத்துக்கு மேல் இல்ல மேலாளராக இருந்தேன். ஏரியைப் பார்த்தபடி ஜமீன்தார் ஒருவர் கட்டிய மாளிகை அது. இரண்டு பக்கமும் வட்டக் கொத்தளம் இருப்பதால் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அது கோட்டை. மறைமாவட்டம் அதை வாங்கிப் பயிற்சி மையமாகவும் கருத்தரங்கு இல்லமாகவும் நடத்தத் தொடங்கிய பிறகும் பெயர் மாறவில்லை. "எங்கம்மா வேல செய்ற?" என்று பஸ்ஸில் கேட்டால் "கோட்டைல" என்றால் போதும், கண்டக்டர் சரியான இடத்தில் விசில் கொடுப்பார். பாதிரியார்கள், ஆசிரியர்கள், செவிலியர்கள், விவசாயச் சங்கத்தார் என்று யார் யாரோ வந்து தங்கிப் பேசிவிட்டுப் போவார்கள். நான் மலையேறி முருகனைக் கும்பிடுகிறவள். அது பற்றி அங்கே யாரும் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. அறை, சாப்பாடு, கூடம் மூன்றும் குறையில்லாமல் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

எனக்கு முன்னால் அந்தப் பொறுப்பில் ஒரு சிஸ்டர் இருந்தார், அவருக்குக் கீழேதான் நான் வேலை பழகினேன். அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. அந்த வீட்டில் யாரிடமும் "முடியாது" என்று சொல்லக் கூடாது. விருந்தாளி எதைக் கேட்டாலும் முதலில் "ஆகட்டும்ங்க." அதற்குப் பிறகு நம் சாமர்த்தியம்.

ஒருமுறை கருத்தரங்குக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர் ஏரியில் படகில் போயே ஆக வேண்டும் என்று நின்றார். கரையில் மீன் குத்தகைக்காரரின் படகு ஒன்று கட்டிக் கிடந்தது. சிஸ்டர் முகம் சுளிக்கவில்லை. "ஆகட்டும்ங்க. வெயில் தாழட்டும், சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றார். அன்றைக்கு அவருக்கு மட்டும் விரால் மீன் குழம்பு, வறுவல், கட்டித் தயிர், இரண்டு தடவை பாயசம். வராந்தாவில் சாய்வு நாற்காலியைக் காற்று வரும் பக்கமாகத் திருப்பிப் போட்டார். பெரியவர் விழித்தபோது சென்னைக்குப் போகும் கார் வாசலில் நின்றது. இப்படி ஒரு உபசரிப்பை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சமையலறையில் நாங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அந்த வழியில்தான் நானும் இல்லத்தை நடத்தினேன். தீர்ந்துபோன அறைகளை, கெட்டுப்போன ஜெனரேட்டரை, ஒரே கூடத்துக்கு வந்து நின்ற இரண்டு கூட்டங்களை, எல்லாவற்றையும் டீ கொடுத்தே சமாளித்தேன். ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. போன தை மாதம் சொன்னேன்.

அதற்கு முந்தைய ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை விட்டபாடில்லை. ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தது. கோட்டைச் சுவர்கள் ஊறிக் கிடந்தன. பொங்கல் கழிந்து வெயில் ஏறியதும் சுவர்கள் காயத் தொடங்கின. அப்போதுதான் சாப்பாட்டுத் தாழ்வாரத்தின் வெளிவரிசை மேசைகளில் வெள்ளையாகத் தூள் விழ ஆரம்பித்தது. அந்த மேசைகளுக்கு நேர் மேலேதான் ஏரிப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மேல்மாடம். தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல், அதன்மேல் சுண்ணாம்புக் காரை. அத்தனை வருடத்தில் அங்கிருந்து தூள் விழுந்து நான் பார்த்ததில்லை. ஒரு விருந்தாளி டம்ளரை எட்டிப் பார்த்துவிட்டு, "மோர்ல சுண்ணாம்பு போட்டுட்டீங்க, அப்டியே ரெண்டு வெத்தலையும் வெச்சிட்டா வேல முடிஞ்சுதுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மேலே போய் மாடத்துக் கதவைப் பூட்டினேன்.

இயக்குநராக இருக்கும் ஃபாதரிடம் சொன்னேன். நல்ல மனிதர், அதையும் எழுதிவிடுகிறேன். "முகாம் முடியட்டும்மா, இன்ஜினியரக் கூப்பிட்டுக் காட்டிடலாம்" என்றார். நியாயமான பதில்தான். அந்த வாரம் கல்லூரிப் பிள்ளைகளுக்கான பயிற்சி முகாம். திருத்தணி, அரக்கோணம், பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். என் மகள் யாமினியும் அதில் ஒருத்தி. பி.காம் இரண்டாம் வருடம். நாலு பேர் நடுவில் வாய் திறக்க மாட்டாள் என்பதால் நான்தான் வற்புறுத்திச் சேர்த்துவிட்டேன். கடைசி நாளில் பார்த்தால் அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து என் வயிறு குளிர்ந்தது.

கோட்டைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கூட்டமானாலும் முடிந்ததும் மேல்மாடத்தில் நின்று குரூப் போட்டோ. பின்னால் ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் திருத்தணி மலை. இந்தத் தடவை மாடம் வேண்டாம் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை. சிஸ்டர் வழியில், ஏரிக்கரையில் வேப்பமரத்தடியில் நாற்காலிகளைப் போட்டேன். சூடாக போண்டாவும் டீயும் அங்கே கொண்டு வைத்தேன். கூட்டம் தானாக அங்கே வந்துவிடும், போட்டோவும் அங்கேயே எடுத்துவிடுவார்கள் என்பது திட்டம்.

திருத்தணி பஜாரிலிருந்து வந்திருந்த போட்டோகிராபர் தம்பி நாற்காலிகளைப் பார்த்ததும் முகம் சுருங்கினான். மலைமேல் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவன்.

"இன்னாக்கா இது, இங்க எட்த்தா பொண்ணு பாக்க வந்த மாரி இருக்கும். ட்ரோன் கொண்டாந்துகிறேன். பசங்க மாடத்துல நின்னு ஒரே நேரத்துல குதிக்கணும், நா ஏரி மேலேர்ந்து எடுப்பேன். ஸ்டேட்டஸ் போட்டா அள்ளிகினு போவும்."

"பாக்கலாம் தம்பி, மொதல்ல போண்டா சாப்டு" என்றேன்.

சாப்பிட்டான். நன்றாகவே சாப்பிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், மேசை இழுப்பறையில் இருந்த மாற்றுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே போய்விட்டான். பெரியவர்கள் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மதியச் சாப்பாட்டுக்கு மேசை ஒழுங்கு செய்யத் தாழ்வாரத்துக்குப் போனேன்.

வெளிவரிசை மேசையைத் துடைத்து மோர்ப் பாத்திரத்தை வைத்துவிட்டு, இலைக்கட்டை எடுத்துவர உள்ளே போய்த் திரும்பினேன். மேசையில் வெள்ளையாக ஒரு கோடு. அதுவரை தூள் சிதறலாகத்தான் விழும். இது சுவரிலிருந்து ஏரிப் பக்கமாக, நூல் பிடித்துக் கோலப்பொடி இழுத்தது போல நேராக இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். கோட்டுக்கு மேலே உத்திரம். உத்திரத்துக்கு மேலே பிள்ளைகளின் சிரிப்பு. அதில் யாமினியின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

படியேறினேன். அந்தப் படி செங்குத்து என்பது உங்களுக்குத் தெரியும். ஏறும்போது ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. இடிகிறது என்று நான் கத்தினால் முப்பது பேரும் ஒரே கதவை நோக்கி ஓடி வருவார்கள். ஒருவர் நுழையக்கூடிய கதவு. குதிப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆகவே பயத்தைக் காட்டக் கூடாது, ஆனால் நிறுத்தியாக வேண்டும். நான் பாதிப் படியில் இருக்கும்போது "ஒன்னு" என்று கேட்டது. வாசலை எட்டியபோது "ரெண்டு."

அந்தத் தம்பி கதவுக்கு உள்பக்கம் ட்ரோன் ரிமோட்டோடு நின்றிருந்தான். ரிமோட்டின் திரைமேல் என் கையை விரித்து வைத்தேன்.

"அக்கா, அக்கா, விழுந்துடும்க்கா" என்று பதறினான். அவன் சொன்னது ட்ரோனை.

நான் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னேன். "யாரும் குதிக்க வேணாம். அப்டியே நில்லுங்க. கீழ சர்டிபிகேட் குடுக்கப் போறாங்க. நா கை காட்றவங்க மட்டும் வாங்க, ஒவ்வொருத்தரா. ஓடாதீங்க, படி வழுக்கும்."

கதவுக்குப் பக்கத்தில் நின்றவளைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். அடுத்து அவளுக்குப் பக்கத்தில் நின்றவன். கதவுப் பக்கம் காலியானால்தான் ஓரத்தில் இருப்பவர்கள் நெரிசல் இல்லாமல் வர முடியும். யாமினி கோடியில், கொத்தளத்தை ஒட்டிய கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவளைக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. கதவை ஒட்டி நின்ற பெண்ணைக் காட்டி, "நீ வாம்மா, பச்சை துப்பட்டா" என்றேன்.

ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே. அந்த நேரம் பார்த்து ஃபாதர் படியேறி வந்தார், கூடவே சிறப்பு விருந்தினர். ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர், வயதானவர், மரியாதைக்குரியவர். பிள்ளைகளோடு நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். நான் கதவின் இரண்டு நிலையிலும் கையை ஊன்றி நின்றேன். பிள்ளைகள் என் கைக்குக் கீழே குனிந்து குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்றார் பெரியவர். "நான் இளைஞனா இருந்தப்பவே இந்த மாடத்துல நின்னவன்."

"முடியாதுங்க ஐயா."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது எனக்கே அந்நியமாக இருந்தது. ஃபாதர் திகைத்துப் போனார். "கோமளாம்மா, யார்கிட்ட பேசறீங்கன்னு தெரியுதா?"

"தெரியுதுங்க ஃபாதர். அவரும் போக முடியாது, நீங்களும் போக முடியாது. இவங்க வந்து முடியற வரைக்கும் நா இங்கேர்ந்து நகர மாட்டேன்."

பின்னால் ஒரு பையன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

யாமினி கடைசிக்கு முன்னால் வந்தாள். என் கைக்கு அடியில் குனியும்போது முகத்தைப் பார்க்காமல், "சந்தோஷமா ம்மா இப்போ?" என்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு பையன். அவனும் வந்ததும் கதவை இழுத்துத் தாழிட்டேன்.

தாழிட்டுவிட்டு அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஒரு செங்கல்லாவது விழட்டும் என்று மனம் கேட்டது, சொல்ல எனக்கு வெட்கமில்லை. விழவில்லை. கதவின் கண்ணாடி வழியே பார்த்தால் ஒரு புறா வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சிறகைக் கோதிக்கொண்டிருந்தது.

இதுவரை விழவில்லை. நீங்கள் இன்றைக்கும் அண்ணாந்து பார்த்தால் அது அங்கேயேதான் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் மிச்சத்தைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவீர்கள். நம் தொழிலில் ஒரு முடிவு சரியா தவறா என்பதைப் பின்னால் நடந்ததை வைத்துத்தான் எல்லோரும் எடைபோடுகிறார்கள். விழுந்திருந்தால் எனக்குச் சால்வை போட்டிருப்பார்கள். விழாததால் நான் சன்னதம் வந்த பொம்பளை.

சிறப்பு விருந்தினர் சாப்பிடாமலே காரேறினார். அந்தக் கோட்டையில் ஒரு விருந்தாளி பட்டினியாகத் திரும்பியது அதுதான் முதல் தடவை. வீடியோவுக்கு யாரோ கானா தாளம் சேர்த்துவிட்டார்கள். "முடியாதுங்க ஐயா, முடியாதுங்க ஐயா" என்று அது ஊரெல்லாம் சுற்றியது. மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலையைக் குறைக்கச் சொன்னால் கடைக்காரர் "முடியாதுங்க ஐயா" என்று சிரித்தார். யாமினியின் கல்லூரியில் அவளைப் பார்த்தாலே அந்தத் தாளம்தான். முகாமில் கிடைத்த சிநேகிதங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். என் எதிரிலேயே அவள் அப்பாவைப் பார்த்து, "நைனா, அவங்கள சோறு போடச் சொல்லு" என்பாள். அவர் இரண்டு பேருக்கும் நடுவில் ரசத்தைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

இன்ஜினியர் வந்தார். தட்டிப் பார்த்தார், குச்சியால் குத்திப் பார்த்தார். சுவருக்குள் போகிற இடத்தில் உத்திரம் ஊறியிருக்கிறது, எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். "தாங்குமா?" என்று ஃபாதர் கேட்டார். "தாங்கவும் தாங்கும். ரொம்ப பேர் ஏறாம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பிரித்துப் பார்க்க ஜமீன் காலத்து மாடத்தை உடைக்க வேண்டும். அதற்கு யாருக்கும் மனம் வரவில்லை. அந்தப் பதிலில் "தாங்கும்" என்ற பாதியை அலுவலகம் எடுத்துக்கொண்டது. மற்றப் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். பஜாருக்குப் போய் ஒரு பெரிய பூட்டு வாங்கி வந்து மாட்டினேன். கதவு அவர்களுடையது. பூட்டு என்னுடையது.

ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். பெரியவரிடம் போனில் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடச் சொன்னார். நான் போனை எடுக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தது.

"இத்தன வருஷமா எத்தன பேர் அங்க நின்னு போட்டோ எடுத்திருக்காங்க. அப்பல்லாம் உங்களுக்கு ஒன்னும் தோணல. உங்க பொண்ணு நின்னதும் கைகால் உதறிடுச்சு. அதானே?"

யாமினி கடைசிக்கு முன்னால்தான் வந்தாள் என்று சொல்லியிருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு வேறொருத்தியைக் கூப்பிட்டதைச் சொல்லியிருக்கலாம். அந்த வருடங்களில் தூள் விழவில்லை என்பதையும் சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்க ஃபாதர்" என்றேன். "எம் பொண்ணு மேல இருந்தா. அதனாலதான் படியில அவ்ளோ வேகமா ஏறினேன். அவ கீழ இருந்திருந்தா நடந்து போயிருப்பேன், மூணு எண்ணியிருப்பாங்க. இதுல நா இன்னாத்துக்கு வருத்தம் சொல்லணும்?"

வேலையில் சொந்தப் பயத்தைக் கலக்கக் கூடாது என்று உங்களுக்கும் சொல்வார்கள். பயிற்சி வகுப்பிலேயே சொல்வார்கள், நம் கூடத்தில் வைத்தே சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கு அந்தக் கோட்டையில் படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள், இடம் பழகியவர்கள் என்று நிறையப் பேர் இருந்தோம். தூள் எல்லோர் டம்ளரிலும்தான் விழுந்தது. மேலே பெற்ற பிள்ளை நின்றது எனக்கு மட்டும்தான். அந்தப் பயம் என் அறிவைக் கெடுக்கவில்லை. காலுக்கு வேகம் கொடுத்தது, அவ்வளவுதான். கதவில் நின்றபோது யாரை முதலில் கூப்பிடுவது என்பதை அறிவுதான் சொன்னது. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம்.

இனி விருந்தினர் முன்னால் குரலை உயர்த்த மாட்டேன் என்று உறுதி சொன்னால் போதும், எல்லாம் பழையபடி நடக்கும் என்றார்கள். சொல்லவில்லை. பங்குனியில் விலகிக்கொண்டேன். மற்ற சாவிகளையெல்லாம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

கிளம்பும்போது பழைய ஆள் ஒருவர், "சிஸ்டர் இருந்திருந்தா இப்டி கத்தியிருக்க மாட்டாங்க, ரெண்டு வடையக் குடுத்து முடிச்சிருப்பாங்க" என்றார். அது என்னைக் கொஞ்சம் குத்தியது. ஆனால் படகுக் கதையில் ஒரு பகுதியை நான் மேலே சொல்லவில்லை. அன்று காலை அந்தக் குத்தகைக்காரர் படகுக்குள்ளிருந்து வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்ததை சிஸ்டர் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தார். விரால் குழம்பும் பாயசமும் அதற்காகத்தான். அதுவும் ஒரு "முடியாது"தான். அவருக்கு ஒரு மதியம் முழுக்க இருந்தது, அதனால் அழகாகச் சொன்னார். எனக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருந்த இடம்தான் கிடைத்தது. அதில் பாயசம் காய்ச்ச முடியாது.

போன வாரம் நீங்கள் இருந்தபோது உள்ளே ஒரு ஸ்டீல் தட்டு கீழே விழுந்தது, அந்தச் சத்தத்துக்கு நான் ஏன் அப்படித் துள்ளினேன் என்பதையும் சொல்கிறேன். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

விலகிச் சில மாதங்கள் கழித்து, யாமினி ஒரு வேலையாக அரக்கோணம் போக வேண்டியிருந்தது. துணைக்கு நானும் போனேன். பேச்சு இன்னும் சரியாகவில்லை. தேவைக்கு இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். திருத்தணி ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்காக நின்றிருந்தோம். நிற்காத சரக்கு ரயில் ஒன்று வந்தது. நடைமேடை அதிர்ந்தது. அந்த ஸ்டேஷனில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறோம், அது எப்போதும் அதிரும். யாமினி என் கையைப் பிடித்தாள். நகம் பதியப் பிடித்தாள். கடைசிப் பெட்டி போன பிறகும் விடவில்லை.

"ம்மா, உங்கிட்ட ஒன்னு சொல்லல நானு."

"இன்னாது?"

"அன்னிக்கி நீ மேல வர்றதுக்கு முன்னாடியே நாங்க ஒருவாட்டி குதிச்சிட்டோம். அந்தண்ணன் ட்ரையல்னு சொன்னாரு." நிறுத்தினாள். "குதிச்சு நின்னப்ப, கால் கீழ லேசா எறங்குனா மாரி இருந்துது. எல்லாரும் ஓன்னு சிரிச்சோம். இன்னொருவாட்டின்னு கேட்டது நாந்தான்."

மேசைமேல் விழுந்திருந்த அந்த வெள்ளைக் கோடு கண்முன் வந்தது. அது எப்போது விழுந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் இலைக்கட்டு எடுக்க உள்ளே போயிருந்தபோது மேசைக்கு மேலே அது நடந்து முடிந்திருக்கிறது. அன்றிலிருந்துதான் எது கீழே விழுந்தாலும் துள்ளுகிறேன்.

"அதுக்கப்புறம் காலேஜ்ல அந்தத் தாளம் போடும்போதெல்லாம் அந்த எறங்குனதுதான் ஞாபகம் வரும். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா நீதான் கரெக்டுன்னு ஆயிடும், அதான்."

"இப்ப மட்டும் ஏன் சொல்ற?"

"தெர்ல. கையப் புடிச்சிக்கிறேன் ம்மா" என்றாள். பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு தடவை குதித்தும் தாங்கியதே என்று இதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் சொல்வார்கள். சொல்லட்டும். அவர்களுக்கு உதவக்கூடிய இந்தச் செய்தியை நான் மறைக்காமல்தான் எழுதுகிறேன். தாங்கியது உண்மை. இறங்கியதும் உண்மை. அந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் பிள்ளைகளை மூன்றாவது உண்மைக்காக மேலே ஏற்ற எனக்கு உரிமையில்லை. உங்களுக்கும் இல்லை, ஃபாதருக்கும் இல்லை.

அடுத்த மாதம் நிறுவன நாள் விழா. பழையவர்கள் எல்லோரும் வருவார்கள், மேல்மாடத்தில் பெரிய குரூப் போட்டோ எடுக்க வேண்டும், அதற்குத்தான் சாவி என்று பக்கோடா சாப்பிட்டுக்கொண்டே சொன்னீர்கள். சாவி கொடுக்க மாட்டேன். பூட்டை உடைக்கலாம். ஒரு சுத்தியல் போதும், அது எனக்கும் தெரியும். அந்தச் சுத்தியலை உங்கள் கையில்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் நீங்கள் புதியவர்கள், மறுத்துப் பேசிப் பழகாதவர்கள். கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதை இப்போதே வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை தொண்டையில் சிக்கும். எனக்கு இருபது வருடம் சிக்கியது. மறுத்த பிறகு மாடம் இடிந்து உங்களை நியாயப்படுத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். புறா வந்து உட்காரும். உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், தாளம் போடுவார்கள். போடட்டும். உத்திரத்தைப் பிரித்துப் பார்த்து, இற்றுப்போனதை மாற்றட்டும். மாற்றிய அன்று நானே வந்து திறந்துவிடுகிறேன்.

விழாவுக்கு நான் கட்டாயம் வருவேன். அந்தப் பெரியவரும் வருவதாகக் கேள்விப்பட்டேன். அன்று சாப்பிடாமல் போனவருக்கு என் கையால் பரிமாற வேண்டும், விரால் கிடைக்கிறதா என்று பார்த்து வையுங்கள். யாமினியும் வருகிறாள். முகாமுக்கு வந்த நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறாள், அவளே போன் போட்டுப் பேசியிருக்கிறாள். ஏரிக்கரையில் வேப்பமரத்தடியில் நாற்காலிகளைப் போட்டு வையுங்கள். குரூப் போட்டோவுக்கு நான் முதல் வரிசையில் உட்காருவேன். சாவி என் இடுப்பில் இருக்கும்.